ஏஆர்டி ஆரம்பிச்சப்புறம் கழுத்துக் கட்டி வீங்குதா? மாத்திரையை நிறுத்திடாதீங்க

வியாசர்பாடிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவர் அண்ணனுக்கு எச்ஐவி, சிடி4 (ரத்தத்துல இருக்கற எதிர்ப்பு அணுக்களோட எண்ணிக்கை) வெறும் 38, கழுத்துல நெறிக்கட்டி டிபி. டிபி மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரம் கழிச்சு ஏஆர்டி, அதாவது எச்ஐவியை அடக்கற மாத்திரை, குடுத்திருக்காங்க, நல்லாதான் தேறிட்டு வந்தார், மூணாவது வாரம் திரும்ப காய்ச்சல், கட்டி பெருசாகி சட்டையோட மேல் பட்டனைப் போட முடியல. மாத்திரை ஒத்துக்கல நிறுத்திடுன்னு வீட்ல சொல்றாங்களாம்.

தம்பி, நிறுத்த விடாதீங்க. ரெண்டு மாத்திரையையுமே.

இதுநாள் வரைக்கும் டிபி கிருமியை எதுத்து நிக்க அண்ணன் உடம்புல ஆளே இல்ல, ஏஆர்டி உள்ள போனதும் வைரஸ் குறைஞ்சு எதிர்ப்பு அணுக்கள் திரும்ப வருது, வந்ததும் மிச்சம் கிடக்கற கிருமி, செத்த கிருமியோட துணுக்கு எல்லாத்து மேலயும் பாயுது, அந்த சண்டைதான் வீக்கமும் காய்ச்சலும். இதை ஐரிஸ்னு சொல்வோம். பெரும்பாலும் மொத 3 மாசத்துக்குள்ள வரும், சிடி4 100-க்கு கீழ இருக்கறவங்களுக்கு அதிகம். அப்ப ஏன் அவசரமா ஆரம்பிச்சாங்கன்னு கேப்பீங்க. சிடி4 50-க்கு கீழ போனவங்களுக்கு தள்ளிப் போட்டா உயிரே போகுது, அதனாலதான். மூளை டிபி இருந்தா மட்டும் 4 லேர்ந்து 8 வாரம் பொறுப்போம்.

தாம்பரம் சானடோரியத்துல 2004 ஏப்ரல்லயே இலவச ஏஆர்டி வந்தாச்சு, இன்னும் 38-ல வந்து நிக்கறாங்களேன்னு மனசு வலிக்குது. அண்ணனைக் குத்தம் சொல்லல, அந்த பயம் எனக்குத் தெரியும்.

ஆனா இது ஐரிஸ்தான்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. மருந்துக்கு அடங்காத டிபியும் இதே மாதிரிதான் வீங்கும். நாளைக்கே மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஏஆர்டி சென்டருக்குப் போங்க, ஊசி போட்டு கட்டியிலேர்ந்து நீர் எடுத்து, டிபி கிருமி மருந்துக்கு அடங்குமான்னு காட்டற சிபிநாட் டெஸ்ட் பண்ணுவாங்க. இன்னொண்ணு, டிபி மாத்திரைல ரிஃபாம்பிசின் இருந்தா ஏஆர்டி மாத்திரைல இருக்கற டோலுடெக்ராவிர்ங்கற மருந்தோட வேகத்தை அது குறைச்சிடும், அதனால தினம் போடற ஏஆர்டி மாத்திரை போக, அதுலேர்ந்து 12 மணி நேரம் தள்ளி டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனியா ஒண்ணு போடணும், இந்த ரெண்டாவது மாத்திரையை மறந்துடறவங்க நிறைய பேர், அண்ணன் போடறாரான்னு அட்டையை எண்ணிப் பாருங்க.

வீக்கம் ரொம்ப இருந்தா டாக்டர் ப்ரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை எழுதுவார். மெடிக்கல்ல நீங்களா வாங்கித் தராதீங்க, அடங்காத டிபியா இருந்தா அது இன்னும் பரவிடும். தலைவலியோட வாந்தி, பேச்சுல குழப்பம், மூச்சுத் திணறல், இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

கட்டி வத்த சில மாசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் மஞ்சள் சுண்ணாம்பு பத்து போடறது, கீறி விடறது எதுவும் வேணாம், சீழ் கோத்துக்கிச்சுன்னா சென்டர்லயே ஊசில எடுத்துடுவாங்க.