சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டுக்குக் கடன் வாங்குகிறீர்கள்

கேள்வி: என் வயது 32. சொந்த ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே. நான்கு வருடமாகத் துபாயில் ஏசி டெக்னீஷியன் வேலை. சம்பளம் 5,200 திர்ஹாம். அதில் அடிப்படைச் சம்பளம் 3,000. மாதம் 4,000 திர்ஹாம் வீட்டுக்கு அனுப்புகிறேன். எனக்குக் குடி, சிகரெட் பழக்கம் இல்லை. மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் ஒரு வருடத்தில் இரண்டு கிரெடிட் கார்டிலும் சேர்த்து 16,000 திர்ஹாம் பாக்கி ஏறிவிட்டது. ஒரு கார்டின் குறைந்தபட்சத் தொகையை இன்னொரு கார்டில் பணம் எடுத்துக் கட்டுகிறேன். இன்னும் எந்தச் செலவைக் குறைப்பது? அறை நண்பர் சொன்ன 15 வருட சேமிப்புத் திட்டத்தில் மாதம் 300 திர்ஹாம் போடலாமா? என் செலவுக் கணக்கையும் கார்டு பில்களையும் இணைத்துள்ளேன்.

பதில்: தம்பி, உங்கள் செலவுக் கணக்கை இரண்டு முறை படித்தேன். பெட் ஸ்பேஸ் (அறையில் ஒரு கட்டிலுக்கான வாடகை) 850, சாப்பாடு 700, மெட்ரோ, பஸ் 230, போன் 120, சோப்பு முதல் முடிவெட்டு வரை எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 2,200 திர்ஹாம். துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் இதற்குக் கீழே இறங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் மொட்டை மாடி ஏறி ஏசி கழற்றுகிறவர் மதியச் சாப்பாட்டைக் குறைத்து 50 திர்ஹாம் மிச்சம் பிடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. செலவைக் குறைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் செலவில் குறை எதுவும் இல்லை. நீங்கள் பணம் கொடுக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

சம்பளம் 5,200. ஊருக்கு 4,000 போனால் கையில் 1,200. உங்களுக்குத் தேவை 2,200. ஒவ்வொரு மாதமும் 1,000 திர்ஹாம் துண்டு விழுகிறது. அந்த ஆயிரத்தைக் கார்டு கொடுக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 12,000. அதற்கு மேல் இருக்கும் 4,000 வட்டியும், ரொக்கம் எடுத்ததற்கான கட்டணமும்தான். வீட்டுக்குத் தாராளமாக அனுப்புவதாக நீங்கள் நினைக்கும் தொகையில் நான்கில் ஒரு பங்கு உங்கள் சம்பளமே இல்லை. கடன் வாங்கிய பணம்.

நம் பக்கத்தில் வட்டியை நூற்றுக்கு மாதம் இவ்வளவு என்றுதான் பேசுவோம். உங்கள் பில்லில் மாதம் 3.25 சதவீதம் என்று இருக்கிறது. அதாவது மூன்றேகால் வட்டி. கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் மூன்றேகால் வட்டிக்குப் பணம் கொடுத்தால் அவரை ‘பிளேடு’, அதாவது கந்துவட்டிக்காரர் என்று சொல்லி, பெரியவர்கள் அந்தப் பக்கமே போக விட மாட்டார்கள். வங்கியின் பெயரும் பளபளப்பான அட்டையும் இருப்பதால் அதே வட்டி நமக்கு உறுத்தாமல் போகிறது. 16,000-க்கு மாத வட்டி 520 திர்ஹாம். வருடத்துக்கு 6,240. உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம்.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: ரூபாய் சரிந்த நாட்களில், ரேட் நன்றாக இருக்கிறது என்று கார்டில் ரொக்கம் எடுத்து அனுப்பியதாக. வளைகுடாவில் இருக்கும் பலருக்கு இந்த ஆசை வருகிறது. திர்ஹாமின் மதிப்பு 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால், டாலருக்கு எதிராக ரூபாய் விழும்போதெல்லாம் உங்களுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ரேட்டில் கிடைத்தது நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ. ரொக்கம் எடுத்ததற்கு உங்கள் பில்லின்படி கட்டணமே 3 சதவீதம், குறைந்தது 100 திர்ஹாம். வட்டி தனி. சம்பளப் பணத்தை நல்ல ரேட்டில் அனுப்பினால் லாபம். கடன் பணத்தை எந்த ரேட்டில் அனுப்பினாலும் நஷ்டம்.

இப்போது ஊர்க் கணக்குக்கு வருகிறேன். ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று தோராயமாக வைத்தால் 4,000 திர்ஹாம் என்பது 92,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 18,000, வீட்டுச் செலவு 20,000, அம்மாவின் மருந்து 4,000, தங்கையின் பொள்ளாச்சிக் கல்லூரிச் செலவு 8,000, கே.எஸ்.எஃப்.இ. சிட்டி (கேரள அரசு நிறுவனம் நடத்தும் ஏலச் சீட்டு) 10,000. இந்த 60,000-ஐ நான் தொடப் போவதில்லை. மீதி 32,000 எங்கே போகிறது? 11,500 உங்கள் அக்கா வீட்டுக்காரரின் சரக்கு வண்டித் தவணைக்கு. 20,500 மொய், சீர், காதுகுத்து, கிடாவெட்டு என்று போன் வரும்போதெல்லாம் அனுப்பியது.

வண்டித் தவணை 11,500 ரூபாய் என்பது சரியாக 500 திர்ஹாம். உங்கள் கார்டு வட்டி 520 திர்ஹாம். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாமாவின் வண்டிக்கு நீங்கள் இரண்டு தவணை கட்டுகிறீர்கள். ஒன்று அவர் வாங்கிய கடன் நிறுவனத்துக்கு, ஒன்று உங்கள் கார்டு வங்கிக்கு. அவர் வண்டி வாங்கிய அடுத்த மாதம்தான் உங்கள் முதல் கார்டில் பாக்கி நிற்கத் தொடங்கியிருக்கிறது. பில்லில் தேதி இருக்கிறது.

அவர் உங்கள் விசாவுக்காக ஒன்றரை லட்சம் கொடுத்தவர் என்பதையும், அதை முதல் வருடமே திருப்பிக் கொடுத்துவிட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். ‘ஆனாலும் எப்படி மறுப்பது?’ என்ற வரி என்னைத் தடுத்து நிறுத்தியது. அந்த நேரத்தில் கை கொடுத்தவரை மறக்கக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் அன்று கொடுத்தது கையிலிருந்த பணம். நீங்கள் இன்று கொடுப்பது மூன்றேகால் வட்டிக்கு வாங்கிய பணம். இது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். துபாயில் இருப்பவன் வட்டிக்கு வாங்கி அனுப்புகிறான் என்று ஊரில் யார் நினைப்பார்கள்?

வண்டிக் கடனில் 13 தவணை போய்விட்டது. இன்னும் 35 இருக்கிறது. அதாவது 4,02,500 ரூபாய். வேலந்தாவளம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் வண்டி, டீசலும் டிரைவர் சம்பளமும் போகத் தன் தவணையைத் தானே கட்ட முடியவில்லை என்றால், அந்தத் தொழிலில் எங்கோ ஓட்டை இருக்கிறது. உங்கள் பணம் அந்த ஓட்டையை மறைத்துக்கொண்டிருக்கிறது. வண்டிக்கு நல்ல விலை இருக்கும்போதே விற்றுக் கடனை முடிப்பது அவருக்கும் நல்லது. கடன் பத்திரத்தில் உங்கள் வீட்டார் யாரும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை என்பதால், நீங்கள் நிறுத்தினால் உங்கள் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்கப் போவதில்லை. அடுத்த மாதத்திலிருந்து இந்த 500 திர்ஹாம் நிற்க வேண்டும். பாதியாகக் குறைப்பது, இரண்டு மாதம் பார்ப்பது எல்லாம் வேண்டாம்.

மொய், சீர் விஷயத்தில் நான் அவ்வளவு கடுமையாக இல்லை. நம் ஊரில் மொய் என்பது திரும்பி வரும், திரும்பிக் கொடுக்க வேண்டிய கணக்கு. ஒரேயடியாக நிறுத்த முடியாது. ஆனால் கார்டுக் கடனை அடைக்கும் ஆறு மாதத்துக்கு, அம்மா தன் கையிருப்பிலிருந்து முடிந்ததைச் செய்யட்டும்.

இனி 16,000-ஐ அடைப்பது எப்படி? உங்கள் சிட்டி 4 லட்சம், 40 மாதம், 22 தவணை கட்டியாகிவிட்டது. வீட்டு மாடி கட்டுவதற்கென்று கடைசி வரை எடுக்காமல் வைக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். இப்போதே ஏலத்தில் எடுங்கள். நூற்றுக்கு 22 தள்ளி எடுத்தாலும் 3,12,000 ரூபாய் வரும். தள்ளுபடியில் பணம் போகிறதே என்று வருந்த வேண்டாம். கார்டு வட்டியுடன் ஒப்பிட்டால் அது சிறியது. மீதமிருக்கும் 18 தவணைக்கு ஈடாக ஜாமீன் கேட்பார்கள். பள்ளி ஆசிரியராக இருக்கும் உங்கள் பெரியப்பா மகனிடம் இப்போதே பேசி வையுங்கள். பணம் கைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் காகிதங்களால்தான் தாமதமாகிறது.

இந்தப் பணத்தைத் துபாய்க்கு எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்காதீர்கள். ஹவாலாவில் பணம் மாற்றும் உண்டியல்காரர் யாரையும் தேடாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. பணம் வரத் தேவையே இல்லை. துபாயிலிருந்து போவதை நிறுத்தினால் போதும். 3,12,000 ரூபாயை வீட்டார் கையில் வைத்து மாதம் 60,000 வீதம் செலவு செய்யட்டும். ஐந்து மாதம் தாண்டும். அந்த ஐந்து மாதமும் நீங்கள் ஊருக்கு ஒரு திர்ஹாம் கூட அனுப்பக் கூடாது. 5,200-ல் 2,200 உங்களுக்கு, 3,000 கார்டுக்கு.

முதல் மாதம் வட்டி 520 சேர்ந்து, 3,000 கட்டியபின் பாக்கி 13,520. அடுத்த மாதம் 10,960 அளவில். பிறகு 8,300, 5,600, 2,770. ஆறாவது மாதம் முடிந்துவிடும். அந்த ஆறாவது மாதம் வீட்டுச் செலவுக்கு ஏறக்குறைய 48,000 ரூபாய் குறையும். அதற்கு ஒரு பவுன், ஒன்றரைப் பவுன் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வையுங்கள். நகையை வைப்பது குடும்பத்துக்குக் குறைவு என்று அம்மா நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நகைக் கடன் ஏறக்குறைய ஒரு வட்டி. கார்டு மூன்றேகால் வட்டி. பெட்டியில் நகை பத்திரமாக இருக்க, மகன் பரதேசத்தில் அதைப் போல் மூன்று மடங்கு வட்டி கட்டுகிறான் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரியும். ஏழாவது மாதத்திலிருந்து 60,000 ரூபாய், அதாவது சுமார் 2,610 திர்ஹாம், வழக்கம்போல் அனுப்பலாம். அதற்கு மேல் மாதம் 390 திர்ஹாம் கையில் நிற்கும். நகையும் அரை வருடத்தில் திரும்பிவிடும்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாளை வேலை போனால், கடைசிச் சம்பளமும் பணிக்கொடையும் கணக்கில் விழும்போது கடன் பாக்கிக்காக வங்கி அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் உங்கள் பணிக்கொடை வருடத்துக்கு 2,100 திர்ஹாம்; நான்கு வருடத்துக்கு 8,400. உங்கள் கார்டுக் கடன் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 10,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட கடன் என்றால் நீதிமன்றத்தில் பயணத் தடையும் கேட்க முடியும். 2023-ல் கட்டாயமாக்கப்பட்ட வேலையிழப்புக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அது அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம். உங்களுக்கு மாதம் 1,800 திர்ஹாம். நீங்கள் தங்கிச் சாப்பிடவே 2,200 வேண்டும்.

15 வருட சேமிப்புத் திட்டம் வேண்டாம். இந்த வகைத் திட்டங்களை விற்பவர்கள் 15 வருடம் கழித்து வரும் பெரிய தொகையைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். இரண்டாவது வருடம் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்ற பக்கத்தைக் காட்டுவதில்லை. தொடக்க மாதங்களில் கட்டியதில் பெரும்பகுதி கட்டணத்துக்கே போகும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருட விசாவில் வேலை செய்பவரை 15 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்வதே எனக்குக் கோபம் வரவழைக்கிறது. மூன்றேகால் வட்டிக் கடனை அடைப்பதைவிட நிச்சயமான லாபம் தரும் சேமிப்பு எதுவும் இன்று உங்களுக்கு இல்லை. கடன் முடிந்தபின், வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான கேரள பிரவாசி நல வாரியத்தில் சேருங்கள். தமிழ் பேசுகிறோம், அது நமக்கில்லை என்று எல்லையோரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கேரளத்துக்காரர், உங்களுக்கு உரிமை இருக்கிறது. குறைந்தது ஐந்து வருடம் சந்தா கட்டினால் 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு.

சம்பளம் ஏறிய அன்றே செய்ய வேண்டிய வேலை: 2,200-ஐ முதலில் ஒதுக்குங்கள். வாடகையையும் மெஸ் பணத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள். ஊருக்கு அனுப்புவதை மாதம் ஒரே தடவையாக, உங்கள் என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) அனுப்பி, அங்கிருந்து வீட்டுக்கு 60,000 மட்டும் போகும்படி செய்யுங்கள். இப்போது நான்கு முறை அனுப்பி, தடவைக்கு 20 திர்ஹாம் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

மாமாவிடம் நீங்களே பேசுங்கள். அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள், நடுவில் அவர்தான் நசுங்குவார். ஞாயிற்றுக்கிழமை சந்தை வேலை ஓய்ந்த நேரத்தில் கூப்பிட்டு, ‘மாமா, நான் அனுப்பியது கார்டில் எடுத்த பணம், 16,000 திர்ஹாம் கடனில் நிற்கிறேன், அடுத்த மாதம் முதல் என்னால் முடியாது’ என்று சொல்லுங்கள். தொகையைச் சொல்லுங்கள். தொகை சொல்லாத மறுப்பை யாரும் நம்புவதில்லை. பிறகு 5,000 பாக்கி உள்ள சிறிய கார்டை முதலில் முடியுங்கள். முடித்ததும் கார்டை ரத்து செய்து, பாக்கி எதுவும் இல்லை என்று வங்கியிடமிருந்து எழுத்தில் கடிதம் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.