ரஷ்ய மொழி படிக்கிறேன்; ஸ்லாவிய ஆய்வுக்குள் எங்கிருந்து நுழைவது?

கேள்வி: ஐ.டி. வேலையில் இருக்கிறேன். கொஞ்ச காலமாக ரஷ்ய மொழி படிக்கிறேன். எளிய கதைகளை அகராதி வைத்துக்கொண்டு வாசிக்க முடிகிறது. நாவல்களைத் தாண்டி ஸ்லாவிய ஆய்வு பக்கம் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது? ரஷ்யன் மட்டும் போதுமா?

பதில்:

இப்படிக் கேட்டால் வழக்கமாக ஒரு நீளமான புத்தகப் பட்டியல்தான் வரும். அதை வைத்துக்கொண்டு முதல் மாதம் உற்சாகமாகப் படிப்போம், மூன்றாவது மாதம் அப்படியே நின்றுவிடும். அதனால் பட்டியல் தரப்போவதில்லை. ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறேன்: நோவ்கோரத் நகரத்தின் பிர்ச் மரப்பட்டைக் கடிதங்கள். அங்கே தொடங்குங்கள். மொழியியல், வரலாறு, தொல்லியல், சட்டம், அரசியல் என்று, ரஷ்யன், போலிஷ், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளையும் அவற்றைப் பேசும் மக்களையும் ஆராயும் இந்தத் துறையின் எல்லாச் சண்டைகளும் அந்தச் சின்னச் சின்னப் பட்டைகளுக்குள் இருக்கின்றன.

நோவ்கோரத் வடமேற்கு ரஷ்யாவில் இல்மென் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1478இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் பிடித்துக்கொள்ளும்வரை தனி ஆட்சியாக இயங்கிய பெரிய வணிக நகரம். அங்கே நிலத்தடி மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும், காற்று புகாது. அதனால் மரம், தோல், பட்டை எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் மட்காமல் கிடக்கின்றன. 1951 ஜூலை 26 அன்று, அர்த்சிகோவ்ஸ்கி என்ற தொல்லியலாளர் தலைமையில் நடந்த அகழாய்வில், நீனா அக்கூலவா என்ற தொழிலாளி சுருண்டு கிடந்த ஒரு பட்டையில் எழுத்துக் கீறல்களைக் கண்டார். அதுதான் முதல் கடிதம். இப்போது நோவ்கோரத்தில் கிடைத்தவை மட்டுமே 1100க்கு மேல். பெரும்பாலானவை 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலானவை. மையால் எழுதியவை அபூர்வம். நம் ஓலைச்சுவடியைப் போலவே எழுத்தாணியால் கீறியிருக்கிறார்கள்.

இந்தப் பட்டைகள் கிடைப்பதற்கு முன்னால் அந்தக் காலத்திலிருந்து நம்மிடம் இருந்தது பெரும்பாலும் தேவாலய நூல்களும் ஆண்டுக் குறிப்புகளும்தான். துறவிகளும் எழுத்தர்களும் பார்த்துப் பார்த்து எழுதிய மொழி. பட்டைகளில் இருப்பது வேறு உலகம். கடன் பாக்கி, குதிரை, மீன், துணி, கல்யாணப் பேச்சு, வழக்கு. வாங்கியவர் வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்து எழுதியவை.

முதலில் ஒன்ஃபிம் என்ற சிறுவனைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டு. படங்களை வைத்து ஆறேழு வயது இருக்கும் என்று கணிக்கிறார்கள். 199ஆம் எண் பட்டை ஒரு பழைய கூடையின் அடிப்பகுதி. அதில் அகர வரிசையை எழுதி, பிறகு ப, வ, க, த என்று உயிர்மெய் வரிசை பழகியிருக்கிறான். மறுபக்கம் ஒரு விலங்கைப் படம் போட்டு, ‘நான் விலங்கு’ என்று எழுதி வைத்திருக்கிறான். இன்னொரு பட்டையில் குதிரை மேல் ஏறி எதிரியை ஈட்டியால் குத்துகிறான், பக்கத்தில் தன் பெயர். சிரில் எழுத்து தெரிந்த உங்களால் அந்தப் பெயரை இன்றைக்கே வாசிக்க முடியும். அந்தச் சந்தோஷத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது.

அடுத்து 752ஆம் எண் கடிதம். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பெண் ஓர் ஆணுக்கு எழுதியது. மூன்று முறை ஆள் அனுப்பினேன், என்மேல் என்ன கோபம், ஏன் வரவில்லை, உன்னைச் சகோதரனைப் போலத்தானே நடத்தினேன் என்று கேட்கிறாள். உனக்கு விருப்பம் இருந்திருந்தால் மற்றவர் கண்ணுக்குத் தப்பி ஓடி வந்திருப்பாய் என்றும் சொல்கிறாள். பட்டை கிழிக்கப்பட்டு, முடிச்சுப் போட்ட நிலையில் கிடைத்தது. அந்தக் காலத்தில் பெண்களிடம் எழுத்து எவ்வளவு புழங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் பேசும்போதெல்லாம் இந்த மாதிரிக் கடிதங்கள் சாட்சிக்கு வந்து நிற்கும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ரஷ்யன் மட்டும் போதுமா? போதாது. ஏன் என்பதை 247ஆம் எண் கடிதம் நன்றாகக் காட்டும். அது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஒரு திருட்டுக் குற்றச்சாட்டைப் பற்றியது. அதில் பூட்டைப் பற்றியும் கதவைப் பற்றியும் சொல்லும் இடத்தில் ‘கேலெ’ என்று வருகிறது. அந்த எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. முதலில் பதிப்பித்தவர்கள் அதைத் துறவியின் அறை என்று எடுத்துக்கொண்டு, ‘அறையின் பூட்டு, அறையின் கதவு’ என்று படித்தார்கள். பொருள் சரியாக ஒட்டவில்லை.

பிறகு ரஷ்ய மொழியியலாளர் அந்திரேய் ஸலீஸ்னியாக் வந்தார் (1935–2017). அவர் அது அறை இல்லை, ‘முழுசாக, சேதமில்லாமல்’ என்ற சொல் என்றார். பூட்டும் சேதமில்லை, கதவும் சேதமில்லை, வீட்டுக்காரனும் வழக்குப் போடவில்லை; அதனால் பொய்ப் புகார் சொன்னவனைத் தண்டியுங்கள். ஒரே நொடியில் கடிதம் உயிர் பெற்றுவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சொல் ரஷ்ய மொழியில் ‘த்ஸ’ ஒலியோடுதான் தொடங்கும். போலிஷ், செக், பல்கேரியன், செர்பியன் எதை எடுத்தாலும் அப்படித்தான். ககரம் இ, எ போன்ற சில உயிர்களுக்கு முன்னால் ‘த்ஸ’வாக மாறியது எல்லா ஸ்லாவிய மொழிகளுக்கும் பொதுவான மாற்றம் என்று நினைத்திருந்தார்கள். நமக்கு இது புதிதல்ல. தமிழில் ‘செவி’ என்போம், கன்னடத்தில் ‘கிவி’. ககரம் ஓரிடத்தில் மாறியிருக்கிறது, இன்னோரிடத்தில் அப்படியே நிற்கிறது. அதே மாதிரி நோவ்கோரத் பேச்சில் அந்த ககரம் மாறவே இல்லை என்று ஸலீஸ்னியாக் காட்டினார். பழைய கிழக்கு ஸ்லாவிய மொழி (ரஷ்யன், உக்ரேனியன், பெலாரூசியன் மூன்றுக்கும் மூலம்) முழுக்க ஒரே மாதிரி இருந்து பிறகு கிளை பிரிந்தது என்ற எளிய கதை அதோடு ஆட்டம் கண்டது. இன்றைய ரஷ்ய மொழியே வடமேற்கும் மத்தியப் பகுதியும் நெருங்கி வந்து கலந்ததில் உருவானது என்பது அவருடைய முடிவு.

ரஷ்யனை மட்டும் வைத்திருப்பவருக்கு 247 ஒரு பழைய கடிதம், அவ்வளவுதான். போலிஷும் பல்கேரியனும் கொஞ்சம் தெரிந்தவருக்குத்தான் அது வெடிகுண்டு என்று புரியும். ஸலீஸ்னியாக்கின் பார்வை அவ்வளவு அகலமாக இருந்ததற்குக் காரணமும் உண்டு. 1978இல் வெளியான சமஸ்கிருத – ரஷ்ய அகராதியின் பின்னிணைப்பாக இருக்கும் இலக்கணச் சுருக்கம் அவர் எழுதியது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பட்டைகள் நோவ்கோரத்தில் மட்டும் கிடைக்கவில்லை. பெலாரூஸில் வீத்தெப்ஸ்க்கிலும், மேற்கு உக்ரைனில் ஸ்வெனிஹொரொதிலும் கிடைத்திருக்கின்றன. கீவை மையமாகக் கொண்ட இடைக்கால ரூஸ் அரசின் பாரம்பரியத்தை ரஷ்யா, உக்ரைன், பெலாரூஸ் என்று மூன்று நாடுகள் தமதென்று சொல்கின்றன. ‘பழைய ரஷ்யன்’ என்ற பெயரைப் போடுவதா கூடாதா என்பதே இன்று பெரிய விவாதம். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு அது இன்னும் கூர்மையாகிவிட்டது. அமெரிக்காவில் இத்துறையின் பெரிய சங்கம் 2023 மாநாட்டுக்குக் காலனிய நீக்கம் என்பதையே கருப்பொருளாக வைத்தது. மாஸ்கோவிலிருந்து வரும் புத்தகங்களை மட்டும் படித்தால் இந்த விவாதத்தில் ஒரு தரப்புதான் காதில் விழும். உக்ரேனிய, பெலாரூசிய ஆய்வாளர்கள் எழுதுவதையும் படியுங்கள். ரஷ்யன் தெரிந்தவருக்கு உக்ரேனிய மொழியில் கட்டுரை வாசிக்கும் அளவுக்கு வர ரொம்ப நாள் பிடிக்காது. நியாயம் கருதியும் சொல்கிறேன், நல்ல ஆய்வு வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். கிராமத்தி டாட் ஆர்யூ (gramoty.ru) என்ற தளத்தில் கடிதங்களின் புகைப்படம், கோட்டுப் படம், மூல வாசகம், இன்றைய ரஷ்ய மொழிபெயர்ப்பு எல்லாம் இலவசம். வாரம் ஒரு கடிதம் போதும். முதலில் கோட்டுப் படத்தைப் பார்த்து எழுத்துகளை நோட்டில் எழுதுங்கள், அப்புறம் சொல் பிரியுங்கள், கடைசியில் மொழிபெயர்ப்பைத் திறங்கள். கூடவே பழைய திருச்சபை ஸ்லாவிய மொழியின் (ஆரம்பகாலத் தேவாலய நூல்களின் மொழி) அடிப்படை வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மொழியியல் ஆய்வு மையம் அதற்கும் பழைய ரஷ்யனுக்கும் இணையத்தில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. ஸலீஸ்னியாக் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் இலையுதிர் காலத்தில் அந்த ஆண்டுக் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசிவந்தார். யூடியூபில் அந்த ஒளிப்பதிவுகள் கிடைக்கின்றன. நிதானமான, தெளிவான ரஷ்யன். கேட்கும் பயிற்சிக்கு நான் எல்லோருக்கும் சொல்வது அதைத்தான்.

ஓரளவு முன்னேறி ஒரு குறிப்பிட்ட சந்தேகத்தில் மாட்டிக்கொண்டால், இல்லினாய் பல்கலைக்கழக நூலகத்தின் ஸ்லாவிய உசாத்துணைப் பிரிவுக்கு எழுதலாம். வெளியாட்களுக்கும் உதவுகிறார்கள். ‘ஸ்லாவிய ஆய்வு பற்றிச் சொல்லுங்கள்’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தக் கடிதம், எந்த வரி, இதுவரை எதைப் படித்துப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். இந்தத் துறை ஆட்கள் அப்படிப்பட்ட கேள்விக்குத் தாராளமாகப் பதில் சொல்வார்கள். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய – யுரேசிய ஆய்வு மையத்தின் வெளியீடுகளையும் இணையத்தில் பாருங்கள். மாஸ்கோவுக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே இருந்து பார்க்கும் பார்வை நமக்கு ரொம்பப் பயன்படும்.

முறையான படிப்பு வேண்டுமென்றால் முதலில் டில்லியைப் பாருங்கள். ஜே.என்.யு.வில் ரஷ்ய ஆய்வு மையம் இருக்கிறது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய, ஃபின்னோ-உக்ரிய ஆய்வுத் துறை இருக்கிறது. உங்கள் விருப்பத்துக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன், ஏனென்றால் அங்கே ரஷ்யனோடு நிற்காமல் மற்ற ஸ்லாவிய மொழிகளும் கற்பித்து வந்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ரஷ்யன் உண்டு. வேலையை விட முடியாது என்றால், சென்னையில் இருப்பவர்களுக்கு ரஷ்யப் பண்பாட்டு மையத்தின் மொழி வகுப்புகள் இருக்கின்றன. இரண்டாவது மொழிக்கு என் ஓட்டு போலிஷ். எழுத்து லத்தீன், ஆய்வு நூல்கள் ஏராளம், அங்கிருந்து செக், ஸ்லோவாக் பக்கம் போவதும் சுலபம். ஆனால் மனம் முழுக்க பழைய நூல்களிலேயே இருந்தால், பழைய திருச்சபை ஸ்லாவியத்துக்கு நெருங்கிய பல்கேரியனை எடுங்கள்.