அந்தக் கோடு வந்ததை மறைக்காதீர்கள், தம்பி

சென்னையில் பிஎச்டி முடித்துவிட்டு சான் டியாகோவுக்குப் போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அடுத்த ஆராய்ச்சி வேலை) வந்து ஐந்து மாதம். செல்லில் இருக்கும் புரதங்களைக் கோடுகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், வரக்கூடாத இடத்தில் ஒரு கோடு வந்துகொண்டே இருக்கிறது. பாஸிடம் காட்டினால் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ, இந்தத் துறையில் எனக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். புற்றுநோய் செல்களின் சிக்னலிங், அதாவது செல்லுக்குள் செய்தி எப்படிப் போகிறது என்பதுதான் என் வேலையும். நான் அமெரிக்கா வந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

முதலில் பெஞ்சு விஷயம். பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடிப் பிடிக்கும் பாஸ்போ-ஆன்டிபாடி, புரதங்களை ஒட்டவைத்த மெம்பிரேனில் கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, பால் பவுடரில் பிளாக் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பாலில் இருக்கும் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். சில ஆன்டிபாடிகள் அதையும் போய்ப் பிடித்துக்கொள்ளும், மெம்பிரேன் முழுக்கக் கறுத்துவிடும். மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதமான பிஎஸ்ஏவுக்கு மாறிப் பாருங்கள். செல்லை உடைக்கும் பஃபர் கரைசலில் பாஸ்படேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) தடுப்பான் போடுகிறீர்களா என்றும் பாருங்கள். அப்புறமும் கோடு அங்கேயே நின்றால், நீங்கள் தேடும் புரதத்தின் அளவை செல்லில் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கோடும் சேர்ந்து மங்கினால் அதைக் கைத்தவறு என்று ஒதுக்க முடியாது.

நீங்கள் இருக்கும் ஊரிலேயே, லா ஹோயாவில் சால்க் உயிரியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. டோனி ஹன்டர் என்ற விஞ்ஞானி 1971இல் இங்கிலாந்திலிருந்து அங்கே போஸ்ட்டாக்காக வந்தவர். நடுவில் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, 1975இல் மறுபடி வந்து சொந்த ஆய்வகம் வைத்தார். 1979இல் பாலியோமா வைரஸ் புரதம் ஒன்றில் பாஸ்பேட் எந்த அமினோ அமிலத்தில் ஏறுகிறது என்று பிரித்துப் பார்த்தார். புரதங்களில் செரீன், திரியோனின் இரண்டிலும்தான் ஏறும் என்று அப்போது எல்லோரும் இருந்தார்கள். பிரித்தபோது அவருக்கு வந்த புள்ளி இரண்டோடும் சேரவில்லை. அது டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலம். பிரிக்கப் பயன்படுத்திய பஃபர் பழையது. 1.9 இருக்க வேண்டிய பிஹெச் 1.7க்கு இறங்கியிருந்தது. புதிதாகக் கலந்திருந்தால் அந்தப் புள்ளி திரியோனினோடு ஒட்டியே ஓடியிருக்கும், யார் கண்ணிலும் பட்டிருக்காது. சாதாரண செல்லில் புரதங்கள் மேல் ஏறும் பாஸ்பேட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட டைரோசினில் இல்லை. கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் வைரஸின் சார்க் புரதமும் டைரோசினில்தான் பாஸ்பேட் ஏற்றுகிறது என்று அடுத்துத் தெரிந்தது. பிறகு சிஎம்எல் என்ற ரத்தப் புற்றை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் புரதமும் அதே வகை கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) என்று தெரிய, அதைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மதுரையில் என் பெரியம்மா அந்த மாத்திரையால்தான் இருக்கிறார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குவார். ஊருக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய பஃபர் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

நானும் இரண்டாவது வருடத்தில் இப்படி ஒரு கோட்டை வெட்டிவிட்டுத்தான் லேப் மீட்டிங்கில் படம் காட்டினேன். சார் முன்னால் பிசகைக் காட்டக்கூடாது என்றே வளர்ந்தவர்கள் நாம். எட்டு மாதம் கழித்து வேறொரு குழு அதே கோட்டை வைத்துப் பேப்பர் போட்டது. என் நோட்டில் பஃபர் கலந்த தேதிகூட இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

விசா பக்கம் சுருக்கமாக. ஜே-1 விசாவில் ஆராய்ச்சியாளராக வந்தவர்களுக்குப் பொதுவாக ஐந்து வருடம்தான். போஸ்ட்டாக்குகளுக்கு அமெரிக்க அரசின் என்ஐஎச் தரும் எஃப்32 ஃபெல்லோஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். சொந்த ஆய்வகம் தொடங்கப் போகிறவர்களுக்கு அதே என்ஐஎச் தரும் கே99 நிதிக்கு இரண்டும் வேண்டாம், ஆனால் போஸ்ட்டாக் தொடங்கி நான்கு வருடத்துக்குள் விண்ணப்பிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் நான்காவது வருடத்தில்தான் விசாரிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.

அடுத்த மீட்டிங்கில் பிளாட்டை வெட்டாமல் முழுசாகப் போடுங்கள். "இது ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை, மூன்று முறை வந்துவிட்டது" என்று மட்டும் சொல்லுங்கள். பாஸ் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.