மண்டை ஓடு வேண்டாம் தம்பி

தூக்க மாத்திரை, வலி மாத்திரைப் பழக்கம் பற்றிய பள்ளி புராஜெக்டுக்கு மண்டை ஓடு போஸ்டர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது தம்பி. 'இது கஞ்சா இல்லையே, டாக்டர் எழுதும் மாத்திரைதானே' என்று பசங்க நினைப்பதுதான் சிக்கல். அதனால் மாத்திரை அட்டையையே பெரிதாக வரைந்து காட்டுங்கள். அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரை அட்டைகளில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். இவை எச்1 பட்டியல் மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு பட்டியல் போட்டவை. 2014 முதல் மருந்துக்கடைக்காரர் இவற்றை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடை அண்ணனிடம் அதைப் பற்றிப் பேட்டி எடுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே பழகிவிட்ட பையன் ஒருவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அவனுக்காக போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் 14446 இலவச உதவி எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.