ஹூண்டாய் கிரெட்டா குடும்பத்துக்குச் சரிவருமா? வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஐந்து பேர் குடும்பம் என்றால் தாராளமாகப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் இந்த வண்டி 2015-இல் வந்தது. இப்போது ஓடுவது 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறை, 2024-இல் அதன் தோற்றம் புதுப்பிக்கப்பட்டது.

உரிமையாளர்கள் முதலில் புகழ்வது பின் இருக்கையைத்தான். சாய்மானம் மாற்றலாம், தரை ஏறக்குறைய சமமாக இருப்பதால் நடுவில் உட்காருபவரும் காலை நிம்மதியாக வைக்கலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் அதிகம் குனியாமல் ஏறி இறங்குவார்கள். என்னைக் கேட்டால் இதுவே பெரிய காரணம்.

குறை? டிக்கி 433 லிட்டர் என்பார்கள், ஆனால் ஆழம் குறைவு. பெரிய சூட்கேஸ்களை அடுக்க முடியாது; சின்ன டிராலி பைகள்தான் ஒழுங்காக உட்காரும். வாங்கும்முன் உங்கள் பெட்டியையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் எஞ்சின். நகர நெரிசலில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் மைலேஜ் நன்றாகவே இறங்கும். மாதம் முழுக்க நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் டீசல் எடுங்கள். வேகம் கூடிய டர்போ பெட்ரோல் எஞ்சின் 160 குதிரைத்திறன், ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு. ஊர்ந்து போகும் போக்குவரத்துக்குச் சாதாரண பெட்ரோல் எஞ்சினோடு வரும் ஐ.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) தான் மென்மை.

ஆறு ஏர்பேக், விலை குறைந்தது முதல் கூடியது வரை கிரெட்டாவின் எல்லா வகைகளிலும் உண்டு. அதனால் பாதுகாப்புக்காக மேல் வகைக்குப் போக வேண்டியதில்லை, நடு வகையே போதும்.