ஆண் வேடம் இல்லாமலே அரசவைக்குள்

வணக்கம். தாங் அரசமரபுக் காலச் சீனத்தில் நடக்கும் உங்கள் மாயப் புதினத்தில், அரசவைப் பதவிக்கு ஆசைப்படும் நாயகிக்கு ஆண் வேடம் தவிர வேறு வழியே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். வழி இருக்கிறது. பாட்டனாரும் தந்தையும் கொல்லப்பட்டதால், கைக்குழந்தையாகவே தாயுடன் அரண்மனை அடிமையான ஷாங்குவான் வான்அர் என்ற பெண், அந்தக் கொலைகளுக்குக் காரணமான பேரரசி வூ ட்சேதியானுக்கே பின்னாளில் அரசாணைகளை எழுதித் தந்தார். பழியுணர்வும் பதவி ஆசையும் ஒரே நெஞ்சில் கிடந்து புழுங்குவதைக் காட்ட இதைவிட நல்ல களம் எனக்குத் தெரிந்து இல்லை. மாயத்தையும் எழுத்திலேயே வையுங்கள். 690இல் தாமே பேரரசராக முடிசூடிய வூ, தம் பெயருக்கென்று ஒரு புதிய எழுத்தையே வைத்துக்கொண்டார்: மேலே சூரியனும் சந்திரனும் அருகருகே, கீழே வெட்டவெளி. அதைத் தூரிகையால் முதன்முதலாக வரையும்போது உங்கள் நாயகியின் கை நடுங்கட்டும். புதினத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.