சோலார் குத்தகைக்கு நிலம் கேட்கிறார்கள்: பவர் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: கமுதி பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளது. அதில் ஒன்றரை ஏக்கர் அப்பா கிரயம் வாங்கியது. சோலார் கம்பெனிக்கு 28 ஆண்டு குத்தகை பேசித் தருவதாக ஒரு தரகர் வருகிறார். 50,000 ரூபாய் முன்பணம் தந்து, தன் பேருக்குப் பவர் (எங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: நிலத்தைக் குத்தகைக்கு விடுங்கள், தப்பில்லை. பவர் மட்டும் எழுதாதீர்கள். குத்தகைக்கு விடப் பவரே தேவையில்லை. கம்பெனிக்காரர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரட்டும், நீங்களும் போங்கள், நேரில் கையெழுத்துப் போடுங்கள். தரகர் கேட்கும் பொதுப் பவரில் 'விற்கவும், அடமானம் வைக்கவும்' என்ற வரி நடுப்பக்கத்தில் எங்காவது இருக்கும். 'பணம் பெற்றுக்கொண்டு எழுதியது' என்றும் சேர்த்துவிட்டால், பிறகு ரத்து செய்வது லேசான காரியமில்லை. மூலப்பத்திரத்தையும் 'சரிபார்க்க' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்பார்கள். அது போதாது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

வாடகைக்கு வருவோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை 28 ஆண்டுக்கும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அந்தப் பணத்தின் மதிப்பு பாதி, 24 ஆண்டில் கால்வாசி. ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் உயரும் என்று பத்திரத்திலேயே வர வேண்டும். கம்பெனி கடன் வாங்கினால் தன் குத்தகை உரிமையைத்தான் அடகு வைக்கலாம், நிலத்தை அல்ல என்பதும் வேண்டும். காலம் முடிந்ததும் பேனல், இரும்புக்கால், கான்கிரீட் எல்லாவற்றையும் எடுத்து நிலத்தைச் சமன் செய்து தர வேண்டும் என்பதும், அதற்கு வங்கி உத்தரவாதமும் கேளுங்கள். பழைய பேனல்களுக்கு 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் உண்டு. ஆனால் அவை பேனல் தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்துபவை. உங்கள் வயலில் கிடக்கும் கான்கிரீட்டுக்கு உங்கள் பத்திரம்தான் காவல்.

அப்பா வாங்கிய அந்த ஒன்றரை ஏக்கர்தான் எனக்குக் கவலை. அது பஞ்சமி நிலமா என்று முதலில் பாருங்கள். 1892-இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலம் அது. முதல் 10 ஆண்டு யாருக்கும் விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதன்பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே கைமாறலாம் என்பது நிபந்தனை. கிரயப் பத்திரம் சுத்தமாக இருக்கும், பட்டாவும் உங்கள் பேரில் இருக்கும், ஆனாலும் நிபந்தனை அழியாது. 1980-களின் யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவுகளில் பஞ்சமி என்ற குறிப்பு பல இடங்களில் விடுபட்டுப்போனது. அதனால் இன்றைய பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் நம்பாமல், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலைத் தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அலைக்கழிப்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால்தான் பல இடங்களில் பீரோ திறக்கிறது. ஏழைக்குக் கொடுத்த நிலத்தின் கணக்கை ஏழை கெஞ்சித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆறாத கோபம். பஞ்சமி என்று தெரிந்தால் அந்தத் துண்டைக் குத்தகையில் சேர்க்காதீர்கள்.

கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரை எடுத்துக்கொண்டது. நிலத்துக்காரருக்குப் பணம் வரும். அறுவடைக்குப் பிறகு அங்கே ஆடு மேய்த்தவருக்கும், களை எடுத்த கூலிப் பெண்களுக்கும் என்ன வரும்? அரசு நிலம் கையகப்படுத்தினால், அந்நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக்காரரையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடுக்கும். கம்பெனி நேரடியாகக் குத்தகைக்கு எடுத்தால் அந்தப் பேச்சே இல்லை. சுத்தமான மின்சாரம் வேண்டும், சந்தேகமில்லை. அதன் சுமையை நிலமில்லாதவர் தலையில் வைப்பது அநியாயம். சட்டம் செய்யாததைப் பேரத்தில் கொஞ்சமாவது கேட்டு வாங்கலாம். பக்கத்து நிலத்துக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் மறிக்கப்படக் கூடாது, ஆட்டுப்பாதை திறந்திருக்க வேண்டும், பேனல் கழுவுவது, புல் வெட்டுவது, காவல் ஆகிய வேலைகள் ஊர்க்காரருக்கே என்று எல்லாப் பத்திரங்களிலும் ஒரே வாசகத்தில் எழுத வையுங்கள். தனியாகப் போனால் கம்பெனி காது கொடுக்காது. நடுவே ஒரு சர்வே எண் விட்டுப்போனால் அவர்களுக்கு வேலி போட முடியாது, அதனால் சேர்ந்து போனால் கேட்பார்கள்.